பொருள்வயிற் பிரிந்தவன் சட்டையை எங்கே மாட்டினான்?

பாலைத்திணையில் இன்னும் யாரும் முனைவர் பட்டம் வாங்காத தலைப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. தலைவன் போகிற வழியில் பருந்து எங்கே உட்கார்ந்திருந்தது, செந்நாய்க்குத் தண்ணீர் கிடைத்ததா, யானை எந்த மரத்தின் பட்டையை உரித்தது, ஆறலை கள்வர் எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தாயிற்று. வீட்டில் இருப்பவளின் வளையல் கழன்றதும் நெற்றி பசந்ததும் ஐயமற நிறுவப்பட்டுவிட்டன. போன மனிதன் போய்ச் சேர்ந்தானா, சேர்ந்த ஊரில் எங்கே படுத்தான், யார் சோறு வடித்துப் போட்டார்கள், குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை எதன்மேல் போட்டான் என்று மட்டும் இரண்டாயிரம் வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை.

போருக்குப் போனவன் பாடு தேவலை. முல்லைப்பாட்டு அவனுக்குப் பாசறை போட்டுக் கொடுத்து, விளக்கேற்ற ஆள் வைத்து, நாழிகை பார்த்துச் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறது. பணம் தேடிப் போனவனுக்கு ஒரு திண்ணைகூடக் கிடையாது. பட்டினப்பாலையில் விடை இருக்கும் என்று நம்பி 301 அடிகளையும் படித்தேன். அதன் தலைவன் காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமையைப் பேசிப் பேசி, கடைசியில் நான் போகப்போவதில்லை என்று சொல்லிவிடுகிறான். குடும்பத்துக்கு நல்லவன், ஆய்வுக்கு உதவாதவன்.

ஆகவே ஆய்வுக் களத்தைக் கிழக்கே தள்ளி, ரங்கூனில் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. இன்றைக்கு அது யாங்கோன். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் ரங்கூன் என்றே சொல்லிப் பழகியவர்கள் என்பதால் அவர்கள் வழக்கையே ஆள்கிறேன். காலம், 1852இல் இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போர் அந்த ஊரை ஆங்கிலேயர் கையில் கொடுத்தது முதல் 1942 மார்ச்சில் ஜப்பானியர் உள்ளே நுழைந்தது வரை. இடம், முகல் தெரு. இப்போதைய பெயர் ஷ்வே பொந்தா தெரு. மாதிரிக்கு எடுத்துக்கொண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

ஏன் இவர்கள்? கடல் தாண்டிப் போகிறவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமில்லை என்று தொல்காப்பியர் ஒரு நூற்பா எழுதி வைத்தார். அதை வேலை ஒப்பந்தத்தின் ஷரத்து மாதிரி ஒரு சமூகமே கடைப்பிடித்துக் காட்டியது காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில்தான். பிற்காலத்தில் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. அவர்களைப் புறனடையில் தள்ளுகிறேன்.

ஏற்பாடு இப்படி. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை நடத்த மேலாள் ஒருவர் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே மீசை முளைக்காத பெட்டியடிப் பையன். இப்படிப் போவதற்குச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போதல்' என்று பேர். மூன்று வருஷம் ஒரு கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே வீட்டில் கொடுத்துவிட்டுப் போகக் கிடைக்கும். அங்கே சாப்பாடும் இருப்பிடமும் கடைச் செலவு. கணக்கு முடிந்து, அடுத்து வருகிறவரிடம் சாவியையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினால் ஊர், உறவு, கொஞ்ச காலம் ஓய்வு, ஒரு பிள்ளை. பிறகு திரும்பவும் பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) கம்பெனிக் கப்பல்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இவர்களை வளைத்து வளைத்து ஆராய்ந்தது. பர்மா முழுக்கச் சுமார் 1,650 கடைகள், முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நடப்பு வட்டி எப்படி நிர்ணயமாகிறது, தவணை வட்டி என்ன, உண்டியல் எப்படி ஓடுகிறது என்று ஒன்றையும் விடவில்லை. அத்தனை கோடியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவருக்குத் தலையணை இருந்ததா என்பது மட்டும் அதன் விசாரணை வரம்பில் வரவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இச்சிற்றாய்வு.

இவர்கள் இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பேர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்தவையும் இதே ஜாதிதான். தெருவிலிருந்து உள்ளே போகும் நீண்ட கூடம். கூடத்தின் இரு பக்கமும் பாய் விரித்து, ஆளுக்கொரு சாய்வுப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் வைத்திருப்பார்கள். ஒரு பெட்டி ஒரு கடை. இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் நடுவே சுவர் கிடையாது, தட்டி கிடையாது, கோடுகூடக் கிடையாது. பகலில் பத்தாயிரம், லட்சம் என்று கைமாறுகிற அதே தரையில் ராத்திரி விளக்கணைத்ததும் பாய் விரியும். கொல்லைப்புறம் பொதுச் சமையல், பொதுத் தொட்டி. சமையல்காரரும் ஊரிலிருந்து வந்தவர். அவரும் பிரிந்தவர்தான் என்பதை ஆய்வுலகம் மறந்துவிடக் கூடாது. அவர் கோபித்துக்கொண்ட நாளில் முகல் தெருவின் நிதி நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

தரவுகளை நெடுநாள் உருட்டிப் பார்த்த பின் கிடைத்த முடிவை மரபு கருதி நூற்பாவாகவே தருகிறேன். யாப்பு என்னுடையது, பிழையும் என்னுடையதே.

ஆணியும் பாயும் அடைபூட்டுப் பெட்டியும்
பேணிய மூன்றே பெயர்ந்தோன் இல்லம்.

இஃது என் நுதலிற்றோ எனின், அயலூரில் பொருள் தேடி உறைவானது வீட்டின் உறுப்பு இவை என்பது உணர்த்துதல் நுதலிற்று. கூரையை ஏன் சொல்லவில்லை எனின், கூரை கிட்டங்கிக்காரருடையது. அடுப்பை ஏன் சொல்லவில்லை எனின், அது சமையல்காரருடையது. அதன் பக்கத்தில் போனால் தெரியும். இவனுக்கென்று சொல்லத்தக்கவை மூன்றே. அவற்றுள்ளும் ஆணியை முதலில் வைத்தது சிறப்பு நோக்கி.

இங்கே ஒரு தடை எழுப்புவாருளர். அந்தக் காலத்து ரங்கூன் படங்களைப் பார்த்தால் செட்டியார்கள் பலர் வெறும் மேலோடு, தோளில் துண்டும் நெற்றியில் திருநீறுமாகத்தானே இருக்கிறார்கள்? சட்டையே இல்லாதவனுக்குச் சட்டை மாட்ட ஆணி எதற்கு? கட்டுரைத் தலைப்பே கவிழ்கிறதே? கவிழாது. சட்டை என்றது உபலக்கணம். துண்டு, குடை, கோயிலுக்குக் கட்டும் வேட்டி, திருநீற்றுப் பை, சாவிக்கொத்து ஆகிய யாவும் அடங்கும். ரங்கூனில் மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை கொட்டுகிற மழையை அறிந்தவர்கள் குடைக்கு மட்டுமே ஓர் ஆணி வேண்டும் என்பதை மறுக்க மாட்டார்கள். ஈரக் குடையைப் பேரேட்டின் பக்கத்தில் சாத்தி வைக்கிற அடுத்தாள் மறு கணக்குக்கு அழைக்கப்பட்டிருப்பாரா என்பது ஐயமே.

ஆணியின் மாண்பு இது. பாயைச் சுருட்டலாம், பெட்டியைத் தூக்கலாம். ஆணியை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. மூன்று வருஷம் முடிந்து ஐந்தொகை போட்டு, வரவேண்டியது இன்னது, கொடுக்கவேண்டியது இன்னது என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி ஒப்படைத்துப் போகிறவர், ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். புதிதாய் வந்தவர் துண்டை உதறி அதில் போட்டுவிட்டு உட்கார்வார். பத்திரம் இல்லை, பதிவு இல்லை, ஸ்டாம்பு இல்லை. அனுபவ பாத்தியதை ஒன்றாலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து முகல் தெருவில் இது ஒன்றுதான். கால் காசு கைமாற்றுக்கும் கையெழுத்து வாங்குகிற மனிதர்களிடையே இது எப்படி நிகழ்ந்தது என்று சட்டக் கல்லூரிகள் ஆராயலாம்.

இன்னோர் ஆணியும் உண்டு. அது காலண்டருக்கு. நாள்தோறும் தாள் கிழிக்கிற வகையானால் மூன்று வருஷத்துக்கு 1,095 தாள். நடுவில் லீப் வருஷம் விழுந்துவிட்டால் 1,096. அந்தக் கூடுதல் ஒரு நாளுக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வியை எந்தப் பெட்டியடிப் பையனாவது மனத்துக்குள்ளாவது எழுப்பியிருப்பான். வாய்விட்டுக் கேட்டவன் இருந்தால் அவன் பெரிய முதலாளியாக வளர்ந்திருப்பான்.

சைவர்களைப் பற்றிய ஆய்வு என்பதால் காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவையும் பொருத்திப் பார்ப்பது முறை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி கருதல். காட்சிக்கு வழியில்லை. ஷ்வே பொந்தா தெருவில் இன்று தங்க நகைக் கடைகளும் சூரத்தி முஸ்லிம்களின் பள்ளிவாசலும் பழைய ஸ்காட் மார்க்கெட்டை நோக்கி நகர்கிற கூட்டமுமாக இருக்கிறது. நகைக் கடைக்குள் நுழைந்து, உங்கள் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் 1925ஆம் வருஷத்து ஆணி இருக்கிறதா என்று கேட்கும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் வராது. கேட்டால் அடுத்து வருவது காவலாளி. அனவ்ரதா சாலையில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில் கோபுரமும் வர்ணமுமாக நிற்கிறது. ஊரைவிட்டு வந்தவர்கள் சாமிக்கு நிரந்தர வீடு கட்டிவிட்டுத் தாங்கள் பாயில் படுத்தார்கள் என்பதற்கு அந்த ஒரு சான்று போதும்.

பாயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பாய்.

பெட்டிதான் சிக்கலான உறுப்பு. மேலாளுக்கு அது வங்கி, மேசை, ராத்திரியில் எல்லைக் கல். ஆனால் கிட்டங்கியின் உண்மையான குடிமகன் பெட்டியடிப் பையனே. பள்ளிக்கூடம் விட்டு நேரே கப்பலில் ஏற்றப்பட்டவன். பேரேடும் பெட்டியும் கடையுடையவை. மேலாளின் கால்மாட்டில் படுக்கிற அவனுக்கென்று இருந்தது ஊரில் ஆத்தா கட்டிக்கொடுத்த துணிமூட்டைதான். அதையும் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவான். நூற்பா கூறும் மூன்று உறுப்புகளில் அவனுக்கு வாய்த்தது பாய் ஒன்றே, அதுவும் பாதி. ஆகவே அவனுக்கு வீடே இல்லை என்று நூற்பா கூறுவதாக ஆகிறது. இந்த இடத்தில் நூற்பா சரியாகத்தான் கூறுகிறது.

அடுத்து ஒரு முரணை எதிர்கொள்ள வேண்டும். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் வட்டியே கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல்கள் செட்டியார் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் இவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 பங்கு; 24 லட்சம் ஏக்கருக்கு மேல். ஐராவதி கழிமுகத்தில் கால்வாசி வயலை வைத்திருந்தவர் ராத்திரி படுத்தது ஒரு பாய் அகலத்தில். இதை எளிமை என்று புகழ்ந்து ஊர்ப் பெரியவர்கள் மேடையில் பேசுவதுண்டு. வயலை இழந்து அதே வயலில் குத்தகைக்கு நின்ற பர்மியர் அதை எளிமை என்று எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அவருடைய வீடு எந்த நிமிஷம் பெயருமோ என்றாகிவிட்டது. பெயரச் செய்தவரோ தாமே பெயர்ந்து வந்தவர். அந்த ஆண்டுகளில் பர்மாவில் இந்தியர்களுக்கு எதிராக எழுந்த கலவரங்களை விளக்க வேறு காரணங்களும் வேண்டும். ஆனால் இதை விட்டுவிட்டு விளக்க முடியாது.

இனி ஒப்பாய்வு. நார்வேயில் பெர்கன் என்றொரு துறைமுகம். 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் அங்கே மர வீடுகளில் தங்கிக் கருவாட்டு வியாபாரம் பார்த்தார்கள். மணம் செய்துகொள்ளக் கூடாது, உள்ளூர்ப் பெண்ணோடு குடித்தனம் கூடாது, தீப்பிடிக்கும் என்பதால் தங்கும் வீட்டில் நெருப்பே மூட்டக் கூடாது. நார்வேக் குளிரில்! பயிற்சிப் பையன்கள் கதவு வைத்த அலமாரி போன்ற படுக்கைக்குள் புகுந்து சாத்திக்கொண்டு தூங்கினார்கள். ரங்கூன் பையனுக்குக் கொசு உண்டு, புழுக்கம் உண்டு. ஆனால் சூடான ரசம் உண்டு. இவ்விரண்டில் எது தேவலை என்று கேட்டால் நான் ரசத்தின் பக்கம்.

ஜப்பானில் இன்றும் கம்பெனிக்காரர்கள் கணவனை மட்டும் வேற்றூருக்கு மாற்றிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை வீட்டிலேயே இருக்க விடுகிறார்கள். சென்னைக்கு வந்தால் திருவல்லிக்கேணி மேன்ஷன். அங்கே ஆணிப் பஞ்சம் கிடையாது. ஒரு சுவரில் மூன்று தலைமுறை உதவி இயக்குநர்களின் ஆணிகளைக் காணலாம். குடியிருப்பு வீடுகளில்தான் 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்பது வாடகைக்காரனுக்கு ஓதப்படும் முதல் உபதேசம். ஆணியின் தத்துவத்தை இந்த ஆய்வுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் சென்னை வீட்டுக்காரர்கள். ஆணி அடித்தவன் எளிதில் போக மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

துபாய் பெட்ஸ்பேஸிலும் சிங்கப்பூர் டார்மெட்டரியிலும் நூற்பாவுக்குத் திருத்தம் தேவைப்படுகிறது. பங்க் கட்டில், டிராலிப் பெட்டி, திரைச்சீலை எல்லாம் இருந்தும் அங்கே போட்டி ஒன்றுக்குத்தான்: பிளக் பாயிண்டுக்குப் பக்கத்துப் படுக்கை. ஜன்னலோரம் கிடைத்தவனைவிட பிளக்கோரம் கிடைத்தவன் பாக்கியசாலி. துண்டு மாட்டிய இடத்தில் இப்போது போன் தொங்குகிறது. அதில் ஊரில் இருக்கிற குழந்தையின் நெற்றி மட்டும் தெரிகிறது, மீதி முகம் சட்டத்துக்கு வெளியே. ஆகவே 'ஆணியும்' என்புழி உம்மையால் பிளக் பாயிண்டும் தழுவப்பட்டது என்று உரை கொள்க.

இதுவரை தற்காலிக வீட்டைப் பேசினோம். அதைத் தற்காலிகம் என்று சொல்ல வேண்டுமானால் நிரந்தர வீடு என்று ஒன்று வேண்டும். அது செட்டிநாட்டில் இருந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பதித்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவர் மழமழவென்று பூசி, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அந்த மாளிகையிலும் கல்யாணமான மகனுக்கென்று தனியாக இருந்தது வளவை ஒட்டிய சிறு அறைதான்; தட்டுமுட்டுச் சாமான்கள் போக அதில் நிற்க இடம் இருந்தால் பெரிது. மூன்று வருஷம் கூடத்தில் நாற்பது பேரோடு படுத்துவிட்டு வந்தவர், ஊரிலும் பெரும்பாலும் முகப்பில் உறவுக்காரர்களோடு படுத்தார். வாழ்நாளைக் கூட்டிக் கழித்தால் தேக்குத் தூணுக்கு அடியில் இருந்த நாளைவிடத் தேக்கு விளைந்த நாட்டில் பாயில் இருந்த நாள் அதிகம். எனவே ஆய்வு ஒரு சங்கடமான முடிவுக்கு வருகிறது. கணக்குப்படி முகல் தெருவே வீடு. செட்டிநாட்டு மாளிகை அவர் விருந்தாளியாக வந்து போன இடம். இன்றும் அந்த மாளிகைகள் பல பூட்டியே கிடக்கின்றன, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறக்கிறார்கள். கட்டியவர் எப்படிப் புழங்கினாரோ அப்படியேதான் பேரன்களும் புழங்குகிறார்கள்.

பர்மா அந்த மாளிகைக்குள் தேக்காக மட்டும் வரவில்லை. கவுனி அரிசியாகவும் வந்தது. கறுத்த, பிசுபிசுப்பான அந்த அரிசியை வேகவைத்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் வைக்கிறார்கள். தற்காலிக வீட்டின் சமையல்கட்டிலிருந்து நிரந்தர வீட்டின் விசேஷப் பந்திக்குப் பதவி உயர்வு பெற்ற பண்டம் அது.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கப்பல் கிடைத்தவர்கள் ஏறினார்கள், கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்தே வந்து அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். நூற்பாவின் மூன்று உறுப்புகளில் இரும்புப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏற முடியாது. பாய் நனைந்தால் கனக்கும். 1948இல் பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தபோது வயல்களும் போயின.

கடைசியாக, பாலைத்திணையின் மறு பாதி. ஊரில் இருந்த ஆச்சி மெலிந்தாரா, வளை நெகிழ்ந்ததா? மரபுப்படி நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தரவு இடிக்கிறது. ஆச்சிமார்கள் சீதனமாகக் கொண்டுவந்த பணத்தைக் கடைகளிலேயே வட்டிக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதாவது முகல் தெருவில் பாயில் படுத்திருந்தவர் தம் மனைவி போன்றவர்களுக்குக் கடன்பட்ட கடையின் ஆள். ஆச்சிக்கு இவ்வளவு வட்டி என்பது நடப்பு வட்டியைப் பொறுத்தது. நடப்பு வட்டியை மாதந்தோறும் முடிவு செய்தது முகல் தெருக் கோயிலில் கூடியவர்கள், அதாவது அவருடைய கணவரும் பக்கத்துப் பாய்க்காரர்களும். ஆகையால் செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்குப் போன கடிதங்களில், மேலே பிள்ளையார் சுழி போட்டு, நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கி, இந்த மாதம் நடப்பு என்ன என்று எவளேனும் ஒரு வரி கேட்டிருந்தால், அதைத் தலைவி கூற்றில் சேர்ப்பதா, தோழி கூற்றில் சேர்ப்பதா என்ற சிக்கல் வரும். தலைவி கூற்று என்றே நான் கொள்கிறேன். பதில் எழுதும் முன் தலைவன் எத்தனை தரம் அதைப் படித்தான் என்பதற்கு மட்டும் சான்று தேட வேண்டியிருக்கிறது.